ஹீமோஃபிலியா: வகுப்பறையில் நாம் அறிய வேண்டியவை

இரத்த உறைதல் பாடம் நடத்தும்போதெல்லாம் மாணவர்களிடமிருந்து தவறாமல் ஒரு கேள்வி வரும். “ஹீமோஃபிலியா இருந்தா, கையில சின்னதா வெட்டுப்பட்டாலே இரத்தம் நிக்காம செத்துப் போயிடுவாங்களா சார்?” ஆசிரியர்களிலும் பலர் அப்படி எண்ணுகின்றனர். உண்மை வேறு. இக்குழந்தைகளுக்கு இரத்தம் மற்றவர்களைவிட வேகமாக வெளியேறுவதில்லை. நீண்ட நேரம் கசிகிறது, அவ்வளவுதான். சிறு சிராய்ப்புகள் பெரும்பாலும் அழுத்திப் பிடித்தாலே நின்றுவிடும். வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் மூட்டுக்குள்ளும் தசைக்குள்ளும் ஏற்படும் கசிவுதான் ஆபத்தானது.

இரத்தக்குழாய் கிழிந்ததும் முதலில் இரத்தத் தட்டுகள் ஒன்றுசேர்ந்து துளையைத் தற்காலிகமாக அடைக்கின்றன. பிறகு பிளாஸ்மாவிலுள்ள உறைதல் காரணிகள் ஒன்றையொன்று தூண்ட, இறுதியில் ஃபைப்ரின் இழைகள் வலைபோல் பின்னி அடைப்பை உறுதியாக்குகின்றன. காரணி 8 குறைந்தால் ஹீமோஃபிலியா ஏ. காரணி 9 குறைந்தால் ஹீமோஃபிலியா பி. நான் மாணவர்களை வரிசையாக நிறுத்தி, முதல் மாணவர் தட்டியதும் அடுத்தவர் அவருக்கு அடுத்தவரைத் தட்டச் சொல்வேன். நடுவில் ஒருவரை விலக்கினால் கடைசி மாணவருக்குச் செய்தி போய்ச் சேராது. காரணிக் குறைபாடு அதன்பின் எளிதாகப் புரிந்துவிடும்.

இதற்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் உள்ளன. எனவே பெரும்பாலும் ஆண் குழந்தைகளே பாதிக்கப்படுகின்றனர். விக்டோரியா மகாராணியின் மகன் லியோபோல்டு 1884இல் கீழே விழுந்து, மறுநாளே 30 வயதில் இறந்தார். மகாராணியின் கொள்ளுப்பேரனான ரஷ்ய இளவரசர் அலெக்சிக்கு இருந்தது பி வகை என 2009இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. ஆனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இந்நோய் இருந்ததில்லை.

காரணியின் அளவு 1 சதவீதத்துக்கும் கீழே இருந்தால் அது கடுமையான வகை. அடிபடாமலே கசிவு ஏற்படலாம். முழங்கால், கணுக்கால், முழங்கை ஆகியவை அதிகம் பாதிக்கப்படும். ஒரே மூட்டில் திரும்பத் திரும்பக் கசிந்தால் குருத்தெலும்பு அரிக்கப்பட்டு, மூட்டை மடக்கவோ நீட்டவோ முடியாமல் போகும். கசிவு தொடங்கியதும், கூடுமானவரை இரண்டு மணி நேரத்துக்குள், காரணியைச் செலுத்திவிட்டால் இச்சேதத்தைப் பெரிதும் தடுக்கலாம். கசிவு வருமுன்னே முறையாகச் செலுத்தும் தடுப்பு சிகிச்சையும் உண்டு. தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இம்மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் பள்ளி நேரத்தில் அந்த இரண்டு மணி நேரம் நம் கையில்தான் இருக்கிறது.

என் வகுப்பில் இந்நோயுடன் ஒரு மாணவன் படித்தான். ஒருநாள் கணக்குப் பாடவேளையில் எழுந்து, “முட்டிக்குள்ள சூடா, குறுகுறுன்னு இருக்கு சார்” என்றான். வீக்கமே இல்லை. அவன் தாயார் சேர்க்கையின்போதே எங்களிடம் சொல்லியிருந்தார்: “அவன் சொன்னா நம்பிடுங்க சார். வீங்கினப்புறம் போனா லேட்டு.” உடனே அவருக்குத் தகவல் தந்து, ஆட்டோவில் அனுப்பினோம். மூன்றாம் நாள் பள்ளிக்கு நடந்தே வந்தான்.

நாம் செய்ய வேண்டியவை:

1. குழந்தை வலி, சூடு, குறுகுறுப்பு என்றால் வீக்கத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். பெற்றோருக்கும் மருத்துவமனைக்கும் உடனே தகவல் தெரிவிக்க வேண்டும்.

2. மூட்டுக்கு ஓய்வு கொடுத்து, துணியில் சுற்றிய ஐஸ் வைத்து, சற்று உயர்த்தி வைக்கலாம். தேய்த்துவிடக் கூடாது.

3. தலை, கழுத்து, வயிற்றில் அடிபட்டால் குழந்தை நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் தாமதிக்காமல் 108ஐ அழைக்க வேண்டும்.

4. ஆஸ்பிரின், இபுபுரூஃபன் தரக் கூடாது. தசையில் ஊசி போடுமுன் நோயைப் பற்றி மருத்துவப் பணியாளரிடம் கூற வேண்டும்.

5. முட்டி போடவைப்பதும் அடிப்பதும் எந்தக் குழந்தைக்கும் கூடாதவை. இக்குழந்தைக்கு அவை மூட்டையே பறித்துவிடும்.

6. பெற்றோர் எண், மருத்துவமனை எண், நோயின் வகை ஆகியவற்றை எழுதிய அட்டை தலைமையாசிரியர் அறையில் இருக்கட்டும். உடற்கல்வி ஆசிரியருக்கும் சத்துணவு அமைப்பாளருக்கும் தெரிந்திருக்கட்டும்.

விளையாட்டே வேண்டாம் என்று ஒதுக்கி உட்காரவைப்பதும் சரியன்று. மருத்துவர் அனுமதித்தால் நீச்சல், நடை போன்றவை தசையை வலுவாக்கி மூட்டைக் காக்கும். மோதலும் உதையும் உள்ள கபடி, குத்துச்சண்டை போன்றவற்றைத் தவிர்க்கலாம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 குறிப்பிடும் 21 வகைகளில் ஹீமோஃபிலியாவும் ஒன்று. இது பல பெற்றோருக்குத் தெரியாது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை பெற வழிகாட்டினால் கல்வி உதவிகளும், எழுதும் கை பாதிக்கப்பட்டவருக்குத் தேர்வுச் சலுகைகளும் கேட்டுப் பெற முடியும். கசிவு காரணமாக அடிக்கடி விடுப்பு எடுக்கும் மாணவருக்கு விடுபட்ட பாடங்களை நாமே ஈடுசெய்ய வேண்டும். ஏப்ரல் 17 உலக ஹீமோஃபிலியா நாள். அன்றைய காலை வணக்கக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் இதைப் பேசினால், இதுவரை கண்டறியப்படாத ஒரு குழந்தையையும் நாம் அடையாளம் காணக்கூடும்.