காலி டிரம்முக்கு ஏன் இவ்வளவு லாரிக் கட்டணம்?

கத்தரிக்காய், புடலங்காய்க்கு மழைத்தண்ணீர் பிடித்து வைக்கலாமே என்று அமெரிக்காவில் நம்மில் பலர் 55 கேலன் நீல பிளாஸ்டிக் டிரம் தேடுகிறோம். பழைய டிரம் மலிவாகவே கிடைக்கும். ஆனால் ஒன்றிரண்டை லாரியில் வரவழைத்தால், கட்டணம் டிரம் விலையையே தாண்டிவிடும். "காலி டிரம்தானே, கனமே இல்லையே?" என்று கேட்பீங்க. கனம் இல்லாததுதான் சிக்கலே.

அங்கே பலருடைய சரக்கை ஒரே லாரியில் ஏற்றும்போது, ஒவ்வொரு சரக்குக்கும் 50 முதல் 500 வரை ஒரு 'கிளாஸ்' எண் உண்டு. எண் கூடக்கூட, பவுண்டுக்கு ஆகும் கட்டணமும் கூடும். அடர்த்தி, அடுக்கும் வசதி, கையாளும் சிரமம், சேதமாகும் வாய்ப்பு என நான்கைப் பார்ப்பார்கள். 2025 ஜூலை மாற்றத்துக்குப் பிறகு பல பொருள்களுக்கு அடர்த்திதான் முதல் கணக்கு.

பிள்ளைகளோடு சேர்ந்து இதைப் போட்டுப் பாருங்க. டிரம் சுமார் 23 அங்குல அகலம், 35 அங்குல உயரம். உருண்டையாக இருந்தாலும் சதுரப் பெட்டி மாதிரிதான் அளப்பார்கள். 23 × 23 × 35-ஐ 1,728-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 10.7 கன அடி. எடை சுமார் 22 பவுண்டு. அதாவது கன அடிக்கு 2 பவுண்டு சொச்சம். அடர்த்தி அளவுகோலில் இது கிளாஸ் 250. அதே டிரம்மில் தண்ணீர் நிரப்பினால் சுமார் 480 பவுண்டு, கன அடிக்கு 45 பவுண்டு, கிளாஸ் 55! காலி டிரம்முக்கு நாம கொடுக்கிற காசு, உள்ளே இருக்கிற காற்று அடைக்கும் இடத்துக்கு. ஒன்றுக்குள் ஒன்று செருகி அனுப்பும் வாளிகளுக்கு இந்தச் செலவு குறைவு. வீட்டு வாசலில் இறக்க, லிஃப்ட் வைத்த லாரி வர, தனிக் கட்டணங்களும் சேரலாம்.

இதைவிட முக்கியமான ஒன்று. காலி என்றால் சுத்தம் என்று அர்த்தமில்லை. அபாயகரமான ரசாயனம் இருந்த டிரம்மில் மிச்சம் ஒட்டியிருந்தால், முறையாகச் சுத்தம் செய்யும்வரை அதைப் பெரும்பாலும் நிறைந்த டிரம் போலவே ஏற்றி அனுப்ப வேண்டும் என்பது அமெரிக்கப் போக்குவரத்து விதி. சில ரசாயனங்கள் பிளாஸ்டிக்குக்குள்ளேயே ஊறிவிடும். வீட்டில் சோப்புப் போட்டுக் கழுவினால் போகாது. நீல நிறம் உணவுத் தரத்துக்கு அத்தாட்சியும் இல்லை.

அதனால் பக்கத்து ஊரிலேயே பார்த்து வாங்குங்க. பின் சீட்டை மடித்தால் மினிவேனில் ஒரு டிரம் வந்துவிடும். முன்பு அதில் என்ன இருந்தது என்று கேளுங்க, பழைய லேபிளைப் படியுங்க. லேபிளும் இல்லை, பதிலும் இல்லை என்றால் எவ்வளவு மலிவானாலும் விட்டுடுங்க. அந்தத் தண்ணீரில்தான் நம்ம பிள்ளைகள் கை அளையப் போகிறார்கள்.