பிக்காஸோவின் வாரிசுகள்

வீட்டுப் பெரியவர் உயில் எழுதி வைக்காமல் கண்ணை மூடிவிட்டால் என்ன ஆகும் என்பதை நம் பெண்மணிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. பித்தளை அண்டா யாருக்கு, ஊஞ்சல் பலகை யாருக்கு என்று ஆரம்பிக்கிற பேச்சு நாலைந்து வருஷத்துக்கு ஓயாது. 1973-ம் ஆண்டு ஏப்ரல் 8-ந் தேதி, 91-வது வயதில், தென் பிரான்ஸில் காலமான சித்திர மேதை பாப்லோ பிக்காஸோவும் உயில் எழுதவில்லை. அவருடைய வீடுகளில் படங்களும் பதுமைகளும் மட்பாண்டங்களும் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடந்தன. அவற்றைக் கணக்கெடுத்துப் பங்கு பிரிப்பதற்குள் வருஷங்கள் ஓடிவிட்டன. வாரிசு வரிக்குப் பணத்துக்குப் பதிலாகப் படங்களையே பிரெஞ்சு சர்க்கார் வாங்கிக்கொண்டது. அவற்றை வைத்துத்தான் 1985-ல் பாரிஸில் பிக்காஸோ மியூசியத்தைத் திறந்தார்கள்.

அந்தப் பாகப் பிரிவினை ஒருவாறு முடிந்தது. இன்னொரு பாகப் பிரிவினை இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கிறது. அதில் பங்கு கேட்டு வருகிறவர்கள் பல தேசங்களிலுமுள்ள சித்திரக்காரர்கள். எல்லோரும் கையேந்தி வருகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். வழக்காடவே வருகிறவர்களும் இருக்கிறார்கள். அதிலும் பெண்கள் தொடுத்த வழக்குகள் இருக்கின்றனவே, கேட்கக் கேட்க அலுக்காதவை.

நியூயார்க்கில் ஹார்லெம் என்ற கறுப்பு மக்கள் வாழும் பகுதியில் 1930-ல் பிறந்தவர் ஃபெய்த் ரிங்கோல்ட் அம்மாள். அவருடைய தாயார் நாகரிக உடைகளைத் தாமே வடிவமைத்துத் தைத்துக் கொடுத்தவர். முன் தலைமுறைப் பாட்டிமார் அடிமைகளாயிருந்த காலத்தில் எஜமானர் வீட்டுக்கு ஒட்டுப் போர்வை தைத்தவர்கள். பல நிறத் துணித் துண்டுகளை ஒட்டித் தைத்து, உள்ளே பஞ்சு வைத்துச் செய்யும் கனத்த போர்வை அது. நம் வீட்டில் பழம் புடவையை மடித்துத் தைத்துக் குழந்தைக்கு விரிப்போமே, அதற்கு அக்காள் முறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரிங்கோல்ட் சித்திரம் பயின்றார். நியூயார்க் நவீன கலை மியூசியத்துக்குப் போய், பிக்காஸோவின் 'கெர்னிகா'வின் முன் நிற்பார். 1937 ஏப்ரல் 26-ந் தேதி, ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் நடந்தபோது, கெர்னிகா என்ற ஊரின் மேல் ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் குண்டு மாரி பொழிந்தன. பாரிஸிலிருந்த பிக்காஸோ சில வாரங்களுக்குள் 25 அடி நீளப் படம் ஒன்றை எழுதி முடித்தார். நிறமே கிடையாது, கறுப்பு, வெளுப்பு, சாம்பல், அவ்வளவுதான். இடது ஓரத்தில், இறந்த குழந்தையை ஏந்திக்கொண்டு வானத்தைப் பார்த்துக் கதறுகிறாள் ஒரு தாய். ஒரு தடவை பார்த்தவர்கள் அவளை மறக்க மாட்டார்கள்.

ரிங்கோல்டும் மறக்கவில்லை. 1967-ல் அமெரிக்க நகரங்களில் நிறவேற்றுமையால் கலகங்கள் மூண்டபோது, 12 அடி நீளத்தில் அவரும் ஒரு படம் எழுதினார். இதில் நிறம் உண்டு. முக்கியமாக ரத்தத்தின் நிறம். நேர்த்தியாக உடுத்திய கனவான்களும் சீமாட்டிகளும், கறுப்பரும் வெள்ளையருமாக, ஒருவரையொருவர் வெட்டி வீழ்த்துகிறார்கள். நடுவே ஒரு கறுப்புக் குழந்தையும் ஒரு வெள்ளைக் குழந்தையும் கட்டிக்கொண்டு நடுங்குகின்றன.

அதோடு விடவில்லை அவர். பிக்காஸோ 1907-ல் எழுதிய 'அவினான் நங்கையர்' என்ற படத்தில் ஐந்து பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேருக்கு ஆப்பிரிக்க முகமூடிகளைப் போன்ற முகங்கள். பாரிஸ் காட்சிசாலையில் அந்த முகமூடிகளைப் பார்த்துப் பிக்காஸோ பிரமித்துப் போனவர். நவீன சித்திரக் கலையே இங்கேதான் பிறந்தது என்று சொல்லுவார்கள். 'அப்படியானால் அந்தச் சொத்து ஆதியில் யாருடையது?' என்பதுதான் ரிங்கோல்ட் அம்மாளின் கேள்வி. 1991-ல் அதை ஒட்டுப் போர்வையிலேயே கேட்டுவிட்டார். போர்வையில் அதே ஐந்து நங்கையர். அவர்களுக்கு முன்னால் ஒரு கறுப்பு யுவதி உட்கார்ந்திருக்கிறாள். பிக்காஸோ அவளைப் பார்த்துப் படம் எழுதிக்கொண்டிருக்கிறார். போர்வையில் அவளுடைய கதையும் வரிவரியாக எழுதியிருக்கிறது. பிக்காஸோவின் பெண்கள் வாய் திறப்பதில்லை. இவள் பேசுகிறாள்.

நவீன கலை மியூசியத்தில் கறுப்புச் சித்திரக்காரர்களுக்கு இடம் வேண்டும் என்று 1960-களில் கிளர்ச்சி செய்தவர் இந்த அம்மாள். அதே மியூசியம் 2016-ல் அவருடைய கலகப் படத்தை வாங்கிற்று. 2019-ல் 'அவினான் நங்கையர்' இருக்கும் கூடத்திலேயே கொண்டுவந்து மாட்டிற்று. அப்போது அவருக்கு வயது 89. 2024-ல் காலமானார்.

அதே நங்கையரை ராபர்ட் கோல்ஸ்காட் என்ற கறுப்புச் சித்திரக்காரர் 1985-லேயே அமெரிக்காவின் அலபாமா மாகாணத்தில் குடியேற்றி, உடுப்பும் மாட்டி விட்டிருந்தார்! சிரிப்புக்குச் சிரிப்பு, குத்தலுக்குக் குத்தல்.

பிக்காஸோவின் வீட்டுக்குள்ளேயே வழக்குத் தொடுத்தவர் ஒருத்தி உண்டு. பிரான்ஸுவாஸ் ஜீலோ, தாமும் ஒரு சித்திரக்காரி. பிக்காஸோவோடு பத்து வருஷம் பழகி, இரண்டு குழந்தைகளைப் பெற்று, 1953-ல் குழந்தைகளை அழைத்துக்கொண்டு வெளியேறினார். 1964-ல் அந்த வாழ்க்கையைப் புத்தகமாகவும் எழுதினார். பிக்காஸோ கோர்ட்டுக்குப் போனார், தோற்றார். அதற்குப் பிறகு பெற்ற குழந்தைகளின் முகத்தில்கூட விழிக்கவில்லை. மேதைதான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் இதை எந்தக் கணக்கில் எழுதுவது? ஜீலோ அம்மாள் 101 வயது வரையில் வாழ்ந்து 2023-ல் காலமானார். அதே வருஷம் நியூயார்க் புரூக்ளின் மியூசியத்தில் ஆஸ்திரேலிய நகைச்சுவைக் கலைஞர் ஒருவர் பிக்காஸோவை ஏசுவதற்கென்றே ஒரு கண்காட்சி அமைத்தார். விமர்சகர்கள் ரசிக்கவில்லை. எனக்கும் அது ரிங்கோல்டின் ஊசி முனைக்கு இணையாகத் தோன்றவில்லை.

ஏசாமலும் புகழாமலும் ஒரு பெண்மணி வேறொரு வழி கண்டுபிடித்தார். ஹாலந்து தேசத்து ரினெகே டைக்ஸ்ட்ரா, 2009-ல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்துப் பள்ளிக் குழந்தைகளைச் சீருடையோடு நிற்க வைத்து, பிக்காஸோவின் 'அழும் பெண்' படத்தைக் காட்டி, அவர்கள் பேசுவதைப் படம் பிடித்தார். பன்னிரண்டு நிமிஷம் ஓடுகிறது. இவள் ஏன் அழுகிறாள் என்று ஒன்று சொல்ல, மற்றொன்று மறுக்க, குழந்தைகள் ஆளுக்கொரு காரணம் கற்பிக்கின்றன. பிக்காஸோவின் படம் கடைசி வரையில் நம் கண்ணில் படுவதேயில்லை! குழந்தைகளின் முகத்தைப் பார்த்தே நாம் அந்த அழுகையை ஊகிக்க வேண்டும்.

'கெர்னிகா'வுக்குத் தறியில் நெய்த நகல் ஒன்று உண்டு. நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபையின் பாதுகாப்புக் கவுன்சில் கூடத்துக்கு வெளியே அதைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். 2003 பிப்ரவரியில் ஈராக் யுத்தத்துக்கு அமெரிக்கா ஆயத்தம் செய்துகொண்டிருந்தபோது, அதன் மேல் நீலத் திரையைப் போட்டு மூடினார்கள். டெலிவிஷன் காமிராவுக்குப் பின்னணி சரியாயில்லையாம்! போலந்தில் பிறந்த கோஷ்கா மகுகா அம்மாள் இதைக் கவனித்து வைத்துக்கொண்டார். 2009-ல் அந்த நெசவை இரவல் வாங்கி லண்டன் ஒயிட்சாப்பல் கலைக்கூடத்தில் தொங்கவிட்டு, எதிரே ஒரு வட்ட மேஜையும் போட்டார். யார் வேண்டுமானாலும் வந்து கூட்டம் நடத்தலாம் என்று அறிவித்தார். அசல் 'கெர்னிகா' 1939-ல் காட்டப்பட்ட அதே கலைக்கூடம் அது.

காலித் ஹௌரானி என்ற பாலஸ்தீனச் சித்திரக்காரர் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். பிக்காஸோ 1943-ல் எழுதிய ஒரு பெண்ணின் படத்தை ஹாலந்து மியூசியம் ஒன்றிலிருந்து ரமல்லா நகருக்குக் கொண்டுவர ஆசைப்பட்டார். ஒரே ஒரு படம். இன்ஷூரன்ஸ், ஒப்பந்தம், இஸ்ரேலியச் சோதனைச் சாவடி என்று இரண்டு வருஷம் அலைந்தார். 2011 ஜூன் மாதம் படம் வந்து சேர்ந்தது. அந்த அலைச்சல் முழுவதையுமே தம் கலைப்படைப்பாக அவர் வைத்துவிட்டார்.

2023-ல் பிக்காஸோ மறைந்து ஐம்பது வருஷம். பாரிஸ் மியூசியம் சோஃபீ கால் என்ற பிரெஞ்சுக் கலைஞரை அழைத்தது. அவர் பிக்காஸோவின் படங்களில் பெரும்பாலானவற்றை அப்புறப்படுத்தச் சொன்னார். சில படங்களைத் திரையிட்டு மறைத்து, அவற்றைப் பற்றி மியூசியச் சிப்பந்திகள் சொன்ன ஞாபகங்களை அந்தத் திரையிலேயே எழுதி வைத்தார். காலியான கூடத்துக்குத் தம் வீட்டுச் சாமான்களைக் கொண்டுவந்து பரப்பினார். அவருக்குக் குழந்தைகள் இல்லை. தமக்குப் பிறகு இவையெல்லாம் என்ன ஆகும் என்று யோசித்து, ஏலக் கம்பெனிக்காரர்களை வரவழைத்தார். பிக்காஸோவின் வாரிசுச் சொத்திலிருந்து பிறந்த அந்த மாளிகையில், தாம் உயிரோடிருக்கும்போதே, தம் சாமான்களுக்கெல்லாம் ஜாபிதா எழுத வைத்தார்.