பேரேட்டில் இருந்த விவரம் இனி யார் கையில்?

பள்ளிப்பட்டுப் பக்கம் மண்டி வைத்திருப்பவருக்கும் மளிகை வைத்திருப்பவருக்கும் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எந்த விவசாயி எத்தனை ஏக்கர் வேர்க்கடலை போட்டிருக்கிறார், யார் கரும்புப் பணம் வந்த பிறகு பாக்கியைத் தீர்ப்பார், எந்த வீட்டில் தை மாதம் கல்யாணம் என்பதெல்லாம் நமக்கு அத்துப்படி. இவை பேரேட்டிலும் நம் மனதிலும் இருந்தன. ஒருவர் கணக்கை இன்னொருவரிடம் சொல்லும் கடையில் மறுநாள் யார் வந்து நிற்பார்கள்? அந்த நாணயத்தைக் காக்கச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை.

இன்று அதே விவரம் பேரேட்டிலிருந்து செல்போனுக்கு மாறிவிட்டது. ஆகவே சட்டமும் கடைக்குள் வந்திருக்கிறது. இதை வணிகப் பெருமக்கள் நன்கு அறிந்துகொள்ள வேண்டும்.

விவரம் எங்கெங்கே போகிறது?

2016 ஏப்ரல் 14 அன்று மத்திய அரசு இ-நாம் என்னும் மின்னணு வேளாண் சந்தையைத் தொடங்கியது. 2018 மார்ச் மாதத்திற்குள் நாடு முழுவதும் உரக் கடைகளில் பி.ஓ.எஸ். இயந்திரம் வந்தது. வாங்குபவர் ஆதார் முதலிய அடையாளத்தைக் காட்டி, விற்பனை அந்த இயந்திரத்தில் பதிவானால்தான் உரக் கம்பெனிக்கு மானியம். 2024 செப்டம்பரில் ரூ.2,817 கோடியில் டிஜிட்டல் வேளாண் இயக்கத்திற்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2026-27க்குள் 11 கோடி விவசாயிகளுக்கு அடையாள எண் தருவது அதன் இலக்கு. அதையொட்டி 2025இல் தமிழ்நாட்டிலும் விவசாயிகளின் ஆதார், செல்போன் எண், நில விவரம் ஆகியவற்றை இணைத்துப் பதிவு செய்யும் முகாம்கள் நடந்தன.

இவை அரசின் ஏடுகள். இவற்றுக்கு அப்பால் தனியார் செயலிகள் பல. விதை, உரம் விற்பவை, கடன் தருபவை, விளைச்சலை நேரே கொள்முதல் செய்பவை என்று அவை பலவகை. இவற்றுக்கு முதலில் வேண்டியது சரக்கு அல்ல, விவசாயியின் பெயரும் நம்பரும் பயிரும்தான். அவை ஒரே இடத்தில் திரட்டிக் கிடைப்பது நம் கடையில்!

சட்டம் என்ன சொல்கிறது?

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. நோட்டில் பேனாவால் எழுதிய கணக்கு இச்சட்டத்தில் வராது. அதையே கம்ப்யூட்டரில் ஏற்றினாலும், போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் வரும். வியாபாரத்துக்காக வைத்திருக்கும் விவரம் என்றால், கடை சிறியது என்பதனால் மட்டும் விலக்குக் கிடைத்துவிடாது.

வாடிக்கையாளர் தாமாக நம்பர் கொடுத்து, ரசீதை அதற்கு அனுப்பச் சொன்னால் தாராளமாக அனுப்பலாம். அதே நம்பரை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தவோ பிறருக்குக் கொடுக்கவோ அவருடைய தெளிவான சம்மதம் வேண்டும். எதற்காகக் கேட்கிறோம் என்ற அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வசதி இருக்க வேண்டும். தமிழும் தெலுங்கும் புழங்கும் நம் ஊருக்கு இது மிகவும் பொருந்தும். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும், விவரத்தை அழிக்கச் சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு. விவரத்தைத் தக்க பாதுகாப்பின்றி வைத்துக் கசியவிட்டால் அபராதம் ரூ.250 கோடி வரை போகலாம். தவற்றின் தன்மையைப் பார்த்தே தொகை நிர்ணயிக்கப்படும். ஆனாலும் பெட்டிக்கடைக்கும் பெரிய கம்பெனிக்கும் சட்டப் புத்தகம் ஒன்றுதான்.

சட்டத்தில் விட்டுப்போனது

இச்சட்டம் காப்பது ஆளை அடையாளம் காட்டும் விவரத்தை மட்டுமே. பெயரை நீக்கிவிட்டு, இன்ன பகுதியில் இத்தனை ஏக்கர் கடலை, இந்த வாரம் அறுவடை என்று திரட்டினால் அதைத் தடுக்க இதில் வழியில்லை. அந்தத் திரட்டு கையில் இருப்பவர், சரக்கு சந்தைக்கு வருமுன்பே விலையைக் கணித்துவிடுவார். இத்தகைய விவரங்களை முறைப்படுத்துவது பற்றி கிரிஸ் கோபாலகிருஷ்ணன் தலைமையிலான குழு 2020இல் அறிக்கை தந்தது. சட்டம் பிறக்கவில்லை. ஐரோப்பாவிலோ, டிராக்டர் போன்ற இணைய வசதியுள்ள இயந்திரங்கள் சேர்க்கும் விவரத்தைப் பெறும் உரிமை அவற்றைப் பயன்படுத்துபவருக்கு உண்டு என்ற சட்டம் 2025 செப்டம்பர் 12 முதல் அமலில் இருக்கிறது.

மின்னணு வர்த்தகத் தளங்களுக்கு விதி வகுக்கும் பிரிவு 2020ஆம் ஆண்டு வேளாண் வர்த்தகச் சட்டத்தில் இருந்தது. விவசாயிகளின் எதிர்ப்பால் அச்சட்டம் 2021இல் ரத்தானபோது அந்தப் பிரிவும் போயிற்று. ரத்து சரியா தவறா என்பது வேறு வாதம். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் வாங்கும் நமக்கு லைசென்சு உண்டு, எடைக்கும் பணப் பட்டுவாடாவுக்கும் விதி உண்டு. விவசாயியின் விவரத்தை வைத்தே வியாபாரம் செய்யும் செயலிக்கென்று தனி விதி எங்கே என்பதே நம் கேள்வி.

நாம் செய்ய வேண்டியது

ஆதார் நகல், பட்டா, சிட்டா ஆகியவற்றைத் தேவையின்றி வாங்கி வைக்காதீர்கள். செல்போனில் கிடக்கும் பழைய படங்களை அழித்துவிடுங்கள். ஜி.எஸ்.டி. கணக்குகளை மட்டும், ஆண்டு அறிக்கை தாக்கல் செய்யக் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருப்பது கட்டாயம். கடைப் பையன்கள் எல்லாரும் ஒரே பாஸ்வேர்டில் புழங்க விடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. ஒரு பெயருக்கு இத்தனை ரூபாய் கமிஷன் என்று எந்த ஏஜெண்டு வந்து கேட்டாலும் வாடிக்கையாளர் பட்டியலைக் கொடுக்காதீர்கள். சம்மதமின்றிக் கொடுப்பது விவசாயிக்குச் செய்யும் துரோகம். நாளை அந்தக் கம்பெனி நம்மைத் தாண்டி அவரிடம் நேரே போய் நிற்கும்போது நமக்கு நாமே வெட்டிய குழியாகவும் அது முடியும்.

1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியும் பள்ளிப்பட்டும் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துடன் சேர்ந்தன. எல்லை மாறியது, சட்டங்கள் மாறின. அதற்காக, அந்தப் பக்கத்து விவசாயி நம் கடைக்கு வருவது நிற்கவில்லை. அவரைக் கூட்டி வந்தது நம் நாணயம். பேரேடு செல்போனுக்கு மாறிய இந்தக் காலத்திலும் அந்த நாணயத்தைக் காப்போம். அதே ஒழுங்கைப் பெரிய கம்பெனிகளுக்கும் விதிக்கும் சட்டம் வேண்டுமென்று சங்கத்தின் மூலம் அரசிடம் ஒரே குரலில் கேட்போம்.