பழைய ஜிப்ஸிக்கு டீசல் எஞ்சின்: முதலில் ஆர்.சி.யைப் பாருங்கள், பிறகு மெக்கானிக்கை

மாருதி ஜிப்ஸி 1985-ல் அறிமுகமானது. 2019-ல் விற்பனை நிற்கும் வரை கம்பெனியிலிருந்து பெட்ரோல் எஞ்சினோடு மட்டும்தான் வந்தது. சுமார் ஒரு டன் எடை, எந்த மேட்டிலும் ஏறும் ஃபோர் வீல் டிரைவ். ஆனால் பழைய வண்டி லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுத்தாலே பெரிய விஷயம். அதனால் செகண்ட் ஹேண்டில் ஒன்றை வாங்கியதும் யாராவது காதில் ஓதுவார்கள்: "ஸ்விஃப்ட் டீசல் எஞ்சினைத் தூக்கி வச்சிடுங்க, கவலையே இல்ல."

கவலை இருக்கிறது. அது ஒர்க்‌ஷாப்பில் அல்ல, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தொடங்குகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் இதை உறுதிசெய்தது. வேறு எரிபொருளுக்கு மாற சட்டத்தில் ஒரு வழி உண்டு. ஆனால் அது சி.என்.ஜி., எல்.பி.ஜி., பேட்டரி போன்றவற்றுக்கான கன்வெர்ஷன் கிட்டை, விதிகளுக்கு உட்பட்டுப் பொருத்துவது. ஸ்கிராப் யார்டில் வாங்கிய எஞ்சின் அந்தக் கணக்கில் வராது.

மீறினால் 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உண்மையில் அடி விழுவது வேறு இடத்தில். 15 வருடம் தாண்டிய வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க நேரில் காட்டியாக வேண்டும், ஆர்.சி.யில் பெட்ரோல், பானெட்டுக்குள் டீசல் என்றால் அங்கேயே நின்றுவிடும். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் கையை விரிக்க ஒரு காரணம் கிடைக்கிறது.

சரி, பொருந்தவாவது செய்யுமா?

ஜிப்ஸியின் 1.3 எம்பிஎஃப்ஐ எஞ்சின் 80 குதிரைத்திறன், 103 நியூட்டன் மீட்டர் டார்க். அந்த டார்க் முழுதாகக் கிடைப்பது 4,500 ஆர்பிஎம்மில். ஸ்விஃப்டின் 1.3 டீசல் 75 குதிரைத்திறன்தான், ஆனால் 2,000 ஆர்பிஎம்மிலேயே 190 நியூட்டன் மீட்டர். பாறை ஏற இது சொர்க்கம். ஆசை புரிகிறது.

ஆனால் ஸ்விஃப்டில் அந்த எஞ்சின் குறுக்காக உட்கார்ந்திருக்கும். ஜிப்ஸியில் நீளவாக்கில் உட்கார வேண்டும். கியர்பாக்ஸோடு சேர அடாப்டர் பிளேட், ஃப்ரன்ட் ஆக்ஸிலில் இடிக்காதபடி ஆயில் சம்ப், பெரிய ரேடியேட்டர், இசியு-வும் அதன் வயரிங்கும், டேங்குக்கு டீசல் ரிட்டர்ன் லைன். டீசல் எஞ்சின் பெட்ரோல் போல அதிக ஆர்பிஎம் சுற்றாது. கிரவுன்-பினியன் விகிதத்தை மாற்றாவிட்டால் ஹைவேயில் சீக்கிரமே மூச்சு வாங்கும். கூடுதல் எடையில் முன்பக்க லீஃப் ஸ்பிரிங் தொங்கும்.

பலரும் மறப்பது பிரேக்கை. பிரேக் பூஸ்டருக்குத் தேவையான வேக்யூம் பெட்ரோல் எஞ்சினில் உறிஞ்சும்போதே கிடைக்கிறது. டீசலில் அப்படிக் கிடைக்காது. தனி வேக்யூம் பம்ப் வேண்டும். அதைச் சரியாக இணைக்காத வண்டியில் பெடல் கல் மாதிரி இருக்கும். மலை இறக்கத்தில் அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

காசாவது மிச்சமா?

ஒரு உத்தேசக் கணக்கு. பெட்ரோல் 100 ரூபாய், மைலேஜ் 10. டீசல் 92 ரூபாய், மைலேஜ் 14. கிலோமீட்டருக்கு 10 ரூபாய் ஆனது சுமார் 6.60 ஆகும், மிச்சம் 3.40. எல்லா வேலைக்கும் சேர்த்து 2 லட்சம் செலவானால், போட்டதை எடுக்க ஏறக்குறைய 59,000 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். வீக்எண்ட் மட்டும் ஓட்டி வருடம் 5,000 கிலோமீட்டர் போகிறவருக்குக் கிட்டத்தட்ட 12 வருடம்.

என் கணிப்பில் ஜிப்ஸிக்கு நல்ல வழி, அதே வகை பெட்ரோல் எஞ்சினை ரீபில்ட் செய்வதுதான். பிளாக் போய்விட்டால் அதே மாடல் எஞ்சினை பில்லோடு வாங்கி, ஆர்.டி.ஓ. அனுமதியோடு மாற்றலாம், முன் அனுமதி இல்லாமல் மாற்றியிருந்தால் 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். டீசல்தான் வேண்டும் என்றால், பியூஜோ டீசலோடு கம்பெனியிலிருந்தே வந்த மஹிந்திரா எம்எம் 540 போன்ற ஜீப்பைத் தேடுங்கள். வாங்கும் முன் எஞ்சின் பிளாக்கில் பொறித்த எண்ணை ஆர்.சி.யோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்; பழைய ஜீப்களில் எஞ்சின் மாறியே இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.