மருந்தாளுநரின் கடமை

ஊரைவிட்டு மும்பையிலோ தில்லியிலோ குடியேறிய நம்மவர் பெட்டியில், உடுப்புகளோடு ஒரு சூரணப் புட்டியும் இடம்பெறுவது வழக்கம். தலைமுறை தலைமுறையாக நாம் உண்டு பழகிய மருந்து அது. ஆயினும், அவரே இங்குள்ள மருத்துவர் எழுதித் தந்த மாத்திரைகளையும் உட்கொள்ளும்போது, இரண்டும் ஒத்துப்போகுமா என்ற வினா எழுகின்றது. அவ்வினாவை எளிதில் கேட்கத்தக்க இடம் மருந்துக் கடையே.

1948ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டப்படி, மருத்துவர் சீட்டுக்கு மருந்து வழங்கும் உரிமை பதிவுபெற்ற மருந்தாளுநருக்கு உரியது. உரிமை உள்ள இடத்தில் கடமையும் உண்டு.

முதற்கடமை, வினவுதல். அதிமதுரம் இருமலுக்கு நல்லதென்று நாம் அறிவோம். ஆனால் அதனை நாள்தோறும் மிகுதியாக உண்டால், உடலில் உப்பும் நீரும் தங்கி இரத்த அழுத்தம் உயரும், பொட்டாசியம் குறையும். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகளுள் சிலவும் பொட்டாசியத்தைக் குறைப்பனவே. இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறக்கூடும். ஆகவே, “வேறென்ன மருந்து உண்கிறீர்கள்?” என்று கேளாமல் மாத்திரையைக் கொடுப்பது பாதிப் பணியே ஆகும்.

இரண்டாவது, வரம்பறிந்து பேசுதல். நீரிழிவைத் தீர்ப்பதாக மருந்தை விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கின்றது. சுவரொட்டியில் சொல்லலாகாததைக் கடையில் வாய்மொழியாகச் சொல்லுதல் முறையாகுமோ?

மூன்றாவது, எச்சரிக்கையை விளக்குதல். நாபி போன்ற நச்சுச் சரக்குச் சேர்ந்த ஆயுர்வேத, சித்த, யுனானி உள்மருந்துகளின்மீது, மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்க என்னும் எச்சரிக்கை ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருத்தல் வேண்டுமென்பது விதி. அவ்விரு மொழிகளையும் அறியாத நம் வீட்டு முதியோருக்கு அவை வெறுங்கோடுகளே. அவற்றின் பொருளை மருந்தாளுநர் எடுத்துரைக்க, உடன்சென்ற இளையோர் தமிழில் சொல்லுதல் நலம்.

நமக்கும் கடமை உண்டு. நாட்டு மருந்து உண்பதை நாணி மறைத்தல் ஆகாது. பெயரை மட்டும் சொன்னால் அயல்மொழியாளருக்கு விளங்காது. சேர்க்கைப் பட்டியல் அச்சிட்ட புட்டியையே கொண்டுபோய்க் காட்டுவோம். அவர் ஐயுற்றால், மருத்துவரை மீண்டும் கலந்துகொள்வோம். மாத்திரையை நாமாக நிறுத்திவிடுதல் வேண்டா. பாட்டியார் தந்த சூரணத்தைப் பழிக்காமலும், மருத்துவர் தந்த மாத்திரையைப் புறக்கணிக்காமலும் இருக்க வழி, இரண்டையும் ஒருவர் அறிய ஒருசேரச் சொல்லிவிடுவதே.