இறைச்சித் தரமும் சந்தை மதிப்பும்: அங்கஸ், வாக்யு, நெல்லூர் மாட்டினங்களை முன்வைத்து ஓர் ஒப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

மாட்டினங்களின் இறைச்சித் தரம் குறித்த ஒப்பீடுகள் பெரும்பாலும் 'எந்த இனம் சிறந்தது' என்னும் வினாவிலேயே தொடங்கி முடிகின்றன. தரத்தை எந்தச் சந்தை எந்த அளவுகோலால் அளக்கிறது என்னும் வினா பின்தள்ளப்படுகிறது. ஸ்காட்லாந்தில் தோன்றி அமெரிக்காவில் பரவிய அங்கஸ், ஜப்பானின் வாக்யு, ஓங்கோல் மாடுகளின் வழிவந்த பிரேசிலின் நெல்லூர் ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு, தரநிர்ணய முறைகள் இனத்தை விலையாக மாற்றும் வழியை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மாட்டினங்கள், பளிங்குக் கொழுப்பு, திமில், தரநிர்ணயம், ஓங்கோல், சந்தை மதிப்பு.

முன்னுரை

மாட்டிறைச்சி வணிகத்தில் தரம் என்னும் சொல் இரு பொருள்களில் வழங்குகிறது. உண்பவர் நாவில் உணரும் மென்மை, சாறு, சுவை ஆகியவை ஒன்று. இறைச்சிக்கூடத்தில் தரநிர்ணய அலுவலர் வெட்டுமுகத்தைப் பார்த்து இடும் குறி மற்றொன்று. முன்னது சமைத்த பின்னரே தெரியவரும். விலையோ அதற்கு வெகுமுன்பே முடிவாகிவிடுகிறது. ஆகவே கண்ணுக்குத் தெரியும் சில அடையாளங்கள் நாவின் அனுபவத்திற்குப் பதிலாக நிற்கின்றன. அவ்வடையாளங்கள் யாவை என்பது நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், ஒரே விலங்கு ஒரு சந்தையில் உயர்ந்ததாகவும் மற்றொன்றில் தாழ்ந்ததாகவும் மதிக்கப்படுகிறது.

வாக்யு: கொழுப்பை அளக்கும் அளவுகோல்

'வாக்யு' என்பது தனி ஓர் இனத்தின் பெயரன்று; ஜப்பானியக் கறுப்பு, பழுப்பு, கொம்பிலி, குறுங்கொம்பு என்னும் நான்கு இனங்களின் பொதுப்பெயர். இவற்றுள் கறுப்பினமே எண்ணிக்கையில் மிகப் பெரும்பான்மை. தசையிழைகளின் இடையே வெண்ணிற வலைபோல் படரும் கொழுப்பே இவ்வினத்தின் அடையாளம். வணிகத்தில் 'மார்பிளிங்' எனப்படும் இது தமிழில் பளிங்குக் கொழுப்பு என இங்குக் குறிக்கப்படுகிறது. இக்கொழுப்பில் ஓலியிக் அமிலம் மிகுந்திருப்பதால் அது தாழ்ந்த வெப்பநிலையிலேயே உருகுகிறது.

ஜப்பானில் ஆறாம், ஏழாம் விலா எலும்புகளுக்கு இடையே வெட்டி வெட்டுமுகத்தை மதிப்பிடுகின்றனர். ஏ, பி, சி என்னும் எழுத்துகள் உரித்த உடலிலிருந்து கிடைக்கும் இறைச்சியின் அளவைக் குறிப்பவை. சுவைக்கும் அவற்றிற்கும் நேரடித் தொடர்பில்லை. உணவகங்களில் 'ஏ5' என்று எழுதிவைக்கும்போது 'ஏ' சுவையின் உச்சத்தைக் குறிப்பதாக எண்ணுவது பரவலான பிழை. தரத்தைச் சொல்வது 1 முதல் 5 வரையிலான எண்ணே. பளிங்குக் கொழுப்பு, இறைச்சியின் நிறமும் ஒளிர்வும், உறுதியும் இழையமைப்பும், கொழுப்பின் நிறமும் தன்மையும் ஆகிய நான்கும் தனித்தனியே மதிப்பிடப்பட்டு, அவற்றுள் மிகக் குறைந்த எண்ணே இறுதித் தரமாகிறது. பளிங்குக் கொழுப்புக்கு மட்டும் 12 படிகள் கொண்ட தனி அளவுகோல் உண்டு. அதில் 8 முதல் 12 வரை பெறுபவை யாவும் 5-ஆம் தரத்தில் அடங்கும். ஒரே தரக்குறியுள் இவ்வளவு இடைவெளி இருப்பதால் வணிகர்கள் குறியோடு நில்லாமல் படியையும் கேட்டே விலை பேசுகின்றனர்.

அங்கஸ்: தோலின் நிறமே சான்றாகும் நிலை

1873-இல் ஜார்ஜ் கிராண்ட் ஸ்காட்லாந்திலிருந்து அங்கஸ் காளைகளைக் கான்சஸுக்குக் கொண்டுவந்தார். அதிலிருந்து தொடங்கிய அமெரிக்கப் பரவல், 1978-இல் தொடங்கப்பட்ட 'சர்ட்டிஃபைடு அங்கஸ் பீஃப்' என்னும் வணிகச் சான்றின் வழி விலையாக நிலைபெற்றது. இச்சான்றுக்கான முதல் தகுதி வம்சாவளிப் பதிவன்று. தோலில் பெரும்பகுதி கறுப்பாக இருத்தலே. அதன் பின்னரே பளிங்குக் கொழுப்பு, விலாத் தசையின் பரப்பு, எடை முதலிய பத்து நிபந்தனைகள் பார்க்கப்படுகின்றன. இதன் விளைவாகச் சிம்மென்டால் போன்ற பிற இனங்களை வளர்த்தோரும் அவற்றில் கறுப்பு நிறம் வரும்படி இனப்பெருக்கம் செய்தனர். இனத்தை அடையாளப்படுத்த வந்த குறியீடு மற்ற இனங்களின் நிறத்தையே மாற்றியது என்பது ஆய்வாளர் கவனிக்க வேண்டிய செய்தி.

அப்பத்து நிபந்தனைகளுள் ஒன்று, கழுத்துத் திமில் 2 அங்குலத்திற்கு மேல் இருக்கக் கூடாது என்பது. திமில் உயர்ந்திருப்பது இந்திய வகை மாட்டின் கலப்பைக் காட்டுவதால் அது விலக்கப்படுகிறது.

நெல்லூர்: திமிலுக்கு நேரும் விலைக்குறைப்பு

இவ்விலக்கு வெறும் முன்முடிவா, அறிவியல் அடிப்படை உடையதா என்பதே இவ்வொப்பீட்டின் மையச் சிக்கல். விலங்கு இறந்தபின் தசைப் புரதங்களைக் கால்பெய்ன் என்னும் நொதிகள் மெல்ல மெல்லச் சிதைப்பதாலேயே இறைச்சி மென்மையடைகிறது. அந்நொதிகளைத் தடுக்கும் கால்பாஸ்டாட்டின் என்னும் புரதம் திமிலுள்ள மாடுகளில் மிகுதியாகச் செயற்படுகிறது. ஆகவே ஒரே கால அளவு குளிரறையில் பதப்படுத்தினாலும் இவற்றின் இறைச்சி சற்றுக் கடினமாகவே நிற்கிறது. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் உள்ள கிளே சென்டர் ஆய்வு மையத்தில் நடந்த நெடுங்கால இன ஒப்பீட்டுச் சோதனைகளிலும், இந்திய வகை இரத்தம் மிகுந்தபோது வெட்டுவிசை மதிப்பு உயர்ந்தது பதிவாகியுள்ளது.

எனினும் இக்குறை விலங்கின் உடல் முழுவதும் ஒரே அளவில் இல்லை. ஆஸ்திரேலியாவின் 'மீட் ஸ்டாண்டர்ட்ஸ் ஆஸ்திரேலியா' முறை இதனை நுட்பமாகக் கையாள்கிறது. அங்குத் திமிலின் உயரம் மில்லிமீட்டரில் அளக்கப்பட்டு, ஒவ்வொரு வெட்டுக்கும் உண்ணும் தரம் தனித்தனியே கணிக்கப்படுகிறது. முதுகுத் தசைகளில் மதிப்பெண் கணிசமாகக் குறைய, வேறு பல தசைகளில் குறைவு சிறிதே. உடலைக் குதிகால் நரம்பில் தொங்கவிடாமல் இடுப்பெலும்பில் தொங்கவிட்டால் அக்குறைவும் தணிகிறது. அமெரிக்கச் சான்று திமிலைக் கண்டதும் விலக்கிவிடுகிறது. ஆஸ்திரேலிய முறை அதனை ஓர் உள்ளீடாக ஏற்றுக் கணக்கிடுகிறது. ஆய்வு நோக்கில் பின்னதே ஏற்கத்தக்கது.

நெல்லூர் என்னும் பிரேசில் பெயரின் பின்னணியில் சென்னை மாகாண வரலாறு உள்ளது. ஓங்கோல் வட்டம் 1904 வரை நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது. அங்கிருந்து 19-ஆம் நூற்றாண்டில் கப்பலேறிய மாடுகள் மாவட்டத்தின் பெயரையே இனப்பெயராகப் பெற்றன. தாயகத்தில் இவை கனமான கரிசல் மண்ணை உழவும் பாரம் இழுக்கவும் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டவை. அந்தப் பெருத்த உடற்கட்டும், வெப்பத்தையும் உண்ணியையும் தாங்கும் திறனுமே வெப்பமண்டல மேய்ச்சல் நிலங்களில் இறைச்சி உற்பத்தியின் அடித்தளமாயின. இன்று பிரேசிலின் இறைச்சி மாடுகளில் பெரும்பான்மை இவ்வினமும் இதன் கலப்புகளுமே.

பளிங்குக் கொழுப்பு குறைவு, மென்மையும் குறைவு. ஆயினும் 2023-இல் வியாட்டினா-19 என்னும் நெல்லூர்ப் பசுவின் மூன்றில் ஒரு பங்கு உரிமை ஏலம்போன விலையைக் கொண்டு, அப்பசுவின் முழு மதிப்பு 40 லட்சம் டாலருக்கு மேல் எனக் கணக்கிடப்பட்டது. சுமார் 1,100 கிலோ எடையுள்ள அப்பசுவின் மதிப்பு இறைச்சிக்காக அன்று; அதன் கருமுட்டைகளுக்காக. ஜப்பானிலோ அமெரிக்காவிலோ தரக்குறி வெட்டுமுகத்தில் முடிவாகிறது. பிரேசிலில் குறைந்த தீவனத்தில், கடும் வெயிலில், நோயின்றி எத்தனை கன்றுகள் எவ்வளவு விரைவில் எடை கூடும் என்பதே பணமாகிறது. ஒரு கிலோவுக்குக் கிடைக்கும் விலை தாழ்ந்திருந்தாலும் அந்தக் கிலோவை உருவாக்கும் செலவும் தாழ்ந்திருப்பதை இன ஒப்பீட்டு அட்டவணைகள் பெரும்பாலும் காட்டுவதில்லை.

கலப்பு வழி

இரண்டு அளவுகோல்களையும் ஒருங்கே எட்டும் முயற்சியாகப் பிரேசில் பண்ணைகளில் நெல்லூர்ப் பசுக்களுக்கு அங்கஸ் விந்தைச் செயற்கைமுறையில் செலுத்தும் வழக்கம் பரவியுள்ளது. வெயில் தாங்காத அங்கஸ் காளையை மேய்ச்சல் நிலத்திற்குக் கொண்டுவர வேண்டிய தேவை இதனால் இல்லை. முதல் தலைமுறைக் கன்று விரைவாக வளர்கிறது. வெப்பத்தையும் ஓரளவு தாங்குகிறது. இறைச்சிக்குக் கூடுதல் விலையும் கிடைக்கிறது. அடுத்த தலைமுறையை எந்தக் காளையால் பெறுவது என்பதில்தான் பண்ணையாளர்கள் தடுமாறுகின்றனர். மீண்டும் அங்கஸ் சேர்த்தால் உண்ணியைத் தாங்கும் திறன் குறைகிறது. மீண்டும் நெல்லூர் சேர்த்தால் திமில் எழுகிறது. எனவே பலர் கலப்பினப் பெண் கன்றுகளையும் இனப்பெருக்கத்திற்கு வைக்காமல் இறைச்சிக்கே அனுப்பிவிட்டு, அடுத்த ஆண்டும் தூய நெல்லூர்ப் பசுவிலிருந்தே தொடங்குகின்றனர்.