திராட்சைப் பந்தலில் இலை செய்யும் வேலை

கம்பம் பள்ளத்தாக்கில் சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டி முதலிய ஊர்களில் பன்னீர் திராட்சை பந்தல்களிலே பயிராகி வருவது யாவரும் அறிந்ததே. 2023-ம் ஆண்டில் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. எனினும், குலை கறுத்த பின்னும் பழம் புளிக்கிறதென்று வியாபாரிகள் விலையைக் குறைப்பதுண்டு. அப்பொழுது அநேகர் எருவையே குறை கூறுகின்றனர். இலையைக் கவனிப்போர் சிலரே.

வேரானது நிலத்திலிருந்து நீரையும் உப்புச் சத்துக்களையுமே கொணர்கின்றது. பழத்திலுள்ள சர்க்கரைக்குப் பிறப்பிடம் இலையாகும். இலையிலுள்ள பச்சையம், சூரிய வெளிச்சத்தின் சக்தியைக் கொண்டு, காற்றிலுள்ள கரியமிலவாயுவையும் வேர் அனுப்பிய நீரையும் சர்க்கரையாக்கிப் பிராணவாயுவை வெளியே விடுகின்றது. 10,000 பங்கு காற்றில் கரியமிலவாயு சுமார் 4 பங்கேயாகும். அது இலையின் அடிப்புறத்திலுள்ள நுண்ணிய துவாரங்களின் வழியே உட்புகும். ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று பலமாக வீசும்போது நிலமும் காய்ந்திருந்தால், நீரைக் காக்கும் பொருட்டு இத்துவாரங்கள் மூடிக்கொள்ளும். சர்க்கரை உற்பத்தியும் குன்றும்.

கொடியும் நம்மைப் போலவே இரவும் பகலும் சுவாசிக்கின்றது. அதற்குச் சர்க்கரை செலவாகின்றது. வெயில் படும் இலை தன் செலவு போக மிச்சத்தைக் குலைக்கு அனுப்பும். கிளைகள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடர்ந்தாலோ, மேலிலைகள் வெளிச்சத்தின் பெரும் பகுதியைக் கவர்ந்துகொள்ள, கீழிலைகள் வரவின்றிச் செலவே செய்து மஞ்சளித்து உதிரும். ஈரம் உலராமையால் அடிச்சாம்பல் நோய்க்கும் இடமுண்டாகும்.

இதற்கு மாறாக, குலைக்கு வெயில் வேண்டுமென்று இலைகளையெல்லாம் கிள்ளிவிடுவோரும் உளர். இதுவும் பிழையே. குலையை இனிக்கச் செய்வது இலைமேல் விழும் வெயிலாகும். ஒரு குலை நன்கு பழுக்கச் சுமார் 10 முதல் 15 நல்ல இலைகள் அவசியம்.

ஆகையால் விவசாயிகள் செய்யத்தக்கவை வருமாறு:

1. கவாத்துக்குப்பின் வேண்டாத தளிர்களை இளமையிலேயே நீக்கி, மற்றவற்றைப் பந்தலில் பரப்பிக் கட்டுக.

2. நடுப்பகலில் பந்தலின் கீழ் நின்று பார்க்க. தரையில் ஆங்காங்கே வெயிற்புள்ளிகள் காணவேண்டும். முழு நிழலாயின் அடர்த்தி மிகுதி.

3. இலைகளின் அளவுக்கு மிஞ்சிய குலைகளை விடாதீர்கள்.

4. நிறத்தை மாத்திரம் நம்பி அறுக்காமல், குலையின் நுனிப்பழத்தைச் சுவைத்து அறிக. பறித்த திராட்சை பிறகு இனிப்பேறாது.

சந்தேகமுள்ளோர் ஆனைமலையன்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையத்தாரை அணுகலாம். கிராம அதிகாரிகள் இவ்விஷயங்களைத் தத்தம் கிராமத்துத் தோட்டக்காரர்களுக்கு எடுத்துரைப்பார்களென்று நம்புகிறோம்.